எஸ்தரின் நோட்டு

கார்த்திகை 9, சனிக்கிழமை

இங்கிலீஷ் எழுதப் பழகும் எங்கள் பெண்கள் குழுவில், இரண்டிரண்டு பேராக நோட்டை மாற்றித் திருத்திக்கொள்வோம். என் ஜோடி எஸ்தர். இன்று ‘என் வீடு’ என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஜன்னல், மாமியார், கோழிகள். கடைசியில், வீட்டுக்காரர் தினமும் அடிக்கிறார், யாருக்கும் தெரியாது என்று இருந்தது.

சிவப்புப் பேனாவால் ஒன்பது பிழை திருத்தினேன். அந்த வரியிலும் ஒன்று.

“இன்னாக்கா, ரொம்பத் தப்பா?” என்றாள்.

“இல்லம்மா, கொஞ்சம்தான்.”

“எங்க வூட்ல யாருக்கும் இங்கிலீஷ் வராது. அதான் தைரியமா எழுதிகினு இருக்கேன்” என்று சிரித்தாள்.

நான் ஒருத்திதான் அதைப் படித்தவள். ஒன்றும் கேட்காமல் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் மலைக்கோயில் மணி கேட்டது. விளக்கேற்றியும் முருகன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் என் நோட்டைத் திருத்த வேண்டும். அதே தலைப்பில் இப்போதுதான் எழுதி முடித்தேன். எங்கள் பின்கட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு, நீ எந்த நேரமும் வரலாம் என்று இங்கிலீஷில் மூன்று வரி. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிழை இருந்தால் எஸ்தர் திருத்தட்டும்.