மூச்சுக்காரரின் முன்பற்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மதியம் என் கையில் யாருடைய வாய் இருந்தது என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஆனால் சொல்லக் கூடாது, நோயாளி விஷயம். அதனால் இங்கே எழுதுகிறேன். இங்கேயும் பெயரை எழுத மாட்டேன்.

மேல்மாடி பல் க்ளினிக்கிலிருந்து டாக்டரம்மா கீழே என் பல்செட் லேபுக்கு இரண்டு அச்சுகள் அனுப்பியிருந்தார். ஒன்று வெறும் ஈறு, மேல் தாடை. இன்னொன்று பற்களைப் பிடுங்குவதற்கு முன்பு எடுத்தது. கூடவே ஒரு சீட்டு: 'மேல் பல்செட் முழுசு. சாக்ஸபோன் வாசிப்பவர். முன்பக்கம் கவனம்.' சாக்ஸபோனா, பரவாயில்லையே என்று பெயரைப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மூச்சுக்காரர்.

மருந்துக்கடை அக்கா வீட்டு மாடியறையில் ஞாயிறு தவறாமல் அக்கா, டிரைவர் அண்ணன், நான் என மூன்று பேர் உட்கார்ந்து கேட்கிற ஜாஸ் கேசட்டுகளில் அவருடையதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏதோ ஹோட்டலின் நிலவறையில் அவர் குழுவோடு வாசித்தது. முன்வரிசை மேஜையில் யாரோ ஒரு புண்ணியவான் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருக்கிறார். உலகத்தில் நாலே பிரதி இருப்பதாகக் கேள்வி. அதில் ஒன்று எங்களுடையது. தட்டு உரசும் சத்தம், யாரோ இருமுவது, இதற்கெல்லாம் அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய காற்று — ஸ்வரத்துக்கு முன்னும் பின்னும் அவர் விடுகிற மூச்சு. அதனால்தான் நாங்கள் வைத்த பெயர் அது. நாலு வருஷமாக மேடைப் பக்கமே வரவில்லை. வெளிநாடு போய்விட்டார் என்றார்கள், செத்தே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். மனுஷனுக்குப் பல் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையில் தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அட, அந்த மூச்சு வந்த வழி இதுதானா?

என் வீட்டுக்காரரிடம் 'இன்னிக்கு ஒரு பெரிய ஆளோட வாயைப் பாத்தேன்' என்று மட்டும் சொன்னேன்.

'சாப்பிடும்போது இதெல்லாம் தேவையா' என்றார்.

மார்ச் 5, புதன்

வேலை ஓடவில்லை. அந்த அச்சைத் துடைக்கிற சாக்கில் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மாவிடம் பட்டும் படாமல் விசாரித்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: 'இந்த செட்டு நின்னு வாசிக்க வந்தா சரி. இல்லன்னா சாக்ஸபோனை வித்துடப் போறாராம். வாங்கறதுக்கு ஆள் வந்து பாத்துட்டும் போயாச்சாம். நல்லா பண்ணு, சொதப்பிடாத.'

அவர் மறுபடி வாசிப்பதும் வாசிக்காததும் என் மெழுகுக் கத்தியில் இருக்கிறதாம். நேற்று வரை குதித்துக்கொண்டிருந்தவள் இன்று கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீடு. வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு இருந்ததற்கு எனக்கு ஒரு மாலை போடலாம்.

நிலவறைக் கேசட்டைப் போடச் சொன்னேன். டிரைவர் அண்ணன் காலை ஷிப்ட் பஸ்ஸை ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தார். மூன்றாவது பாட்டு வந்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பாட்டில் பாதிக்கு மேல் மூச்சுச் சத்தமே கிடையாது. நடுவிலே சட்டென்று நின்றுபோகும், பிறகு கடைசி வரை வராது. மூச்சே விடாமல் அவ்வளவு நேரம் வாசிக்கிறார் என்பது எங்கள் முடிவு. 'இதெல்லாம் யோகம்' என்பார் அண்ணன். இன்றும் சொன்னார்.

மெதுவாகக் கேட்டேன்: 'ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். இவருக்குப் பல்லெல்லாம் போயி, புதுசு கட்டினா, இந்த மூச்சு இருக்குமா?'

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். 'உனக்கு எதுக்கெடுத்தாலும் பல்லுதான்.'

அண்ணன் மட்டும் தீவிரமாக யோசித்தார். 'மூச்சு போச்சுன்னா அப்புறம் அவர் அவரே இல்ல. அந்தக் காத்துதான் அவரு.'

போதும். பல்லிடைச் சந்தை அப்படியே வைத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மெழுகில் பற்களை அடுக்கி மாதிரி செட்டை மேலே அனுப்பியாயிற்று. சந்து, பழைய அச்சில் இருந்த அதே சந்து, ஒரு இழை கூடவில்லை குறையவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆசையாக ஒரு வேலை செய்ததில்லை. நாளை அவர் வாயில் வைத்துப் பார்ப்பார். கண் கலங்கினாலும் கலங்குவார்.

மார்ச் 14, வெள்ளி

கலங்கவில்லை. கத்தினார்.

டாக்டரம்மா போன் போட்டு 'மேல வா' என்றார். போனேன். நாற்காலியில் ஒல்லியாக ஒருவர், கழுத்தில் பேப்பர் துணி, கையில் என் மெழுகுப் பல். கேசட்டைக் கேட்டுக் கேட்டு ஆறடி ஆளாக நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருப்பார்.

'யாரும்மா இந்த சந்தை வச்சது?'

'நான்தான் சார்.'

'பள்ளிக்கூடத்துல என்னை வாசல் கேட்டுன்னு கூப்பிடுவாங்க. எப்பவும் திறந்தே கிடக்குமாம். அம்பது வருஷமா வாயில கைய வச்சுக்கிட்டே சிரிச்சேன். பல்லு போனப்ப கூட, சரி, அந்த சனியனும் சேந்து தொலஞ்சுதுன்னு இருந்தேன். நீ தேடிப் பிடிச்சு திரும்ப வச்சுக் குடுத்திருக்க.'

உளறிவிட்டேன். 'சார், அந்த மூச்சு போயிடக் கூடாதேன்னு...'

'எந்த மூச்சு?'

கேசட், நிலவறை, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கொட்டினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று செய்தும் காட்டினேன். பக்கத்து நாற்காலியில் வாயில் பஞ்சோடு இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்காரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

'அங்க ஒரே புழுக்கம். என் காலடியில ஒரு டேபிள் ஃபேன் வச்சிருந்தாங்க. அதுவா இருக்கும்.'

'மூணாவது பாட்டுல நின்னுடுதே சார்.'

'என் தாளெல்லாம் பறந்துச்சு. நான்தான் காலால எட்டி அணைச்சேன்.'

டேபிள் ஃபேன். பத்து வருஷமாக டேபிள் ஃபேனுக்குக் கண்ணை மூடியிருக்கிறோம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தது என்னவோ சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முதலில் டாக்டரம்மா சேர்ந்துகொண்டார், பிறகு அவரும். அவர் கை தானாக வாய்க்குப் போனது, பல்லே இல்லாத வாய்க்கு.

போகும்போது, 'உன் கூட்டாளிங்ககிட்டயும் கேட்டுச் சொல்லு, ஃபேனா இல்லையான்னு' என்றார். சொல்ல அனுமதி கிடைத்துவிட்டது. ஞாயிறு வரை எப்படிப் பொறுப்பேன்?

மார்ச் 16, ஞாயிறு

சொன்னேன். மறுபடி போட்டுக் கேட்டோம். ஃபேன்தான். அதன் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதுகூடக் காதில் விழுகிறது. அக்கா சிரித்துச் சிரித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

டிரைவர் அண்ணன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 'அவருக்கு ஞாபகம் பிசகியிருக்கும். வாசிச்சவருக்கு என்ன தெரியும்? நாமதான பத்து வருஷமா கேக்கறோம்.'

ஏப்ரல் 2, புதன்

சந்து இல்லாமல் வரிசையாக, அழகாகச் செய்துகொடுத்த செட் சரிப்படவில்லையாம், டாக்டரம்மா சொன்னார்.

வாசித்துப் பார்த்தாராம். முன்பல்லை ஊதுமுனையில், அந்த மவுத்பீஸ் மேல் வைத்து அழுத்தினதும் பின்பக்கம் கழண்டுகொண்டு தொண்டைக்குப் போகிறதாம். சாப்பிட, பேச எல்லாம் நன்றாக இருக்கிறதாம். 'தேங்க்ஸ் சொல்லிடுங்க, இது போதும், சாக்ஸபோனை வாங்கற ஆளை வரச் சொல்லிட்டேன்' என்றாராம்.

எனக்கு வருது ஆத்திரம். அவர் மேல இல்ல, என் மேல. சாக்ஸபோன் வாசிக்கிறவருன்னு சீட்டுல எழுதியே குடுத்தாங்க. மவுத்பீஸ் எங்க உக்காருது, எவ்வளவு கடிக்கிறாரு, ஒரு வார்த்தை கேட்டேனா நான்? எதிர்ல ஆளு உயிரோட இருக்காரு, நான் கேசட்டைக் கேட்டுப் பல்லு கட்டியிருக்கேன். ரசிகையாம் ரசிகை. சாப்பிடப் பல் செய்யத் தெரிந்தவள் எவளும் இதைச் செய்துகொடுத்திருப்பாள்.

வீட்டுக்காரர் இரண்டு தடவை என்ன ஆச்சு என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்காமல் பாத்திரங்களைக் கழுவி வைத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

டாக்டரம்மாவைக் கெஞ்சி அவரை வரவழைத்தேன். 'ஒரே ஒரு தடவை சார், மவுத்பீஸோட வாங்க.' வேண்டாவெறுப்பாக வந்தார். கருவியைக் கொண்டுவரவில்லை. மவுத்பீஸை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

மெழுகை இளக்கி வாயில் வைத்து, மவுத்பீஸைக் கடிக்கச் சொன்னேன். வாசிக்கிற மாதிரி மூச்சு விடுங்க, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, தலையைத் தூக்குங்க. இருபது நிமிஷம் படுத்தி எடுத்தேன். இப்போது தெரிகிறது: அவர் நேராகக் கடிப்பதில்லை, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக் கடிக்கிறார். முன்பற்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், முனை தட்டையாக இருக்க வேண்டும், பின் விளிம்பு இன்னும் நீண்டு மேலண்ணத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

மவுத்பீஸை ஒரு நாள் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். என் மேஜையில், பிளாஸ்டர் தூளுக்கு நடுவில், நிலவறையில் அந்த ராத்திரி வாசித்த அதே மவுத்பீஸ். ஊதிப் பார்க்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. கிருமிநாசினி பாட்டிலைப் பார்த்து அடங்கினேன்.

ஏப்ரல் 16, புதன்

புது செட் போய்விட்டது. எப்படி இருக்கிறது என்று தகவல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேசட் கேட்க வருகிறாராம். அவர். எங்கள் அறைக்கு.

ஏப்ரல் 20, ஞாயிறு

டிரைவர் அண்ணன் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டை போட்டு வந்திருந்தார். அக்கா நாற்காலிகளை மூன்று தடவை இடம் மாற்றினார். நான் மூச்சுக்காரர் வாயைத் தவிர எங்கும் பார்க்கவில்லை.

கேசட் ஓடியது. 'இந்த டிரம்ஸ்காரன் தாளத்துல எப்பவும் அரை அடி முந்துவான்' என்றார். யாரோ இருமியபோது, 'இது என் தம்பி, ஆஸ்துமா' என்றார். மூன்றாவது பாட்டு வந்தது. அண்ணன் விடவில்லை. 'இங்க பாருங்க சார், மூச்சு நிக்குது.'

'ஃபேன் நிக்குது' என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கை வாய்க்குப் போகவில்லை. என் பற்கள் முழுசாகத் தெரிந்தன. வரிசையாக, நன்றாகத்தான் இருந்தன.

முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், 'நல்லா வாசிக்கிறான் இவன்' என்றார், வேறு யாரையோ சொல்வது போல. 'இந்த மாதிரி எனக்கு இனிமே வராது.'

'சாக்ஸபோனை எடுத்துப் பாத்தீங்களா சார்?' என்று கேட்டேன்.

'இல்ல. பயமா இருக்கு. புதன்கிழமை அந்த ஆள் வர்றான், குடுத்துட்டா நிம்மதி.'

அண்ணன் தரையைப் பார்த்தார். அக்காதான், டீ ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: 'இது எங்ககிட்ட இருக்கு சார். இதையே நீங்க திரும்ப வாசிச்சு எங்களுக்கு என்ன ஆகப் போகுது? வேற மாதிரி வந்தா, வேற மாதிரி கேட்டுட்டுப் போறோம்.'

அவர் அக்காவையே பார்த்தார். இன்னும் கொஞ்சம் டீ கேட்டார். குடித்துவிட்டு, படி இறங்கிப் போனார்.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று புதன். அந்த ஆள் வந்தானா, வரவில்லையா? கேட்கத் தைரியம் இல்லை.

ஜூன் 11, புதன்

ஒரு தகவலும் இல்லை. 'நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?' என்று அக்கா ஞாயிறுதோறும் கேட்கிறார். இல்லைக்கா, இல்லைக்கா என்று நாங்கள் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் சொல்கிறோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் மேலிருந்து ஒரு டப்பா வந்தது. திறந்தால் என் செட். மூச்சுக்காரருடையது. மறுபடி கழண்டுகொண்டதா, வேண்டாம் என்று கொடுத்துவிட்டாரா?

விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பின் விளிம்பு சிதையவில்லை, விரிசல் எதுவும் இல்லை. முன்பற்கள் இரண்டும் மட்டும் தேய்ந்திருந்தன. முனை குறைந்து, அடியில் வழவழவென்று ஒரு பள்ளம், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. சாப்பிட்டு இப்படித் தேயாது. ஐந்து வருஷம் சாப்பிட்டாலும் தேயாது. ஏப்ரலில் கொடுத்த செட் இது, நாலே மாசம். இப்படித் தேய வேண்டுமென்றால் தினமும், மணிக்கணக்கில் —

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன். டாக்டரம்மா ஒரு நோயாளியின் வாயிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: 'வாரத்துல மூணு நாள் ஸ்டேஷன் பக்கத்து ரெஸ்டாரண்ட்ல வாசிக்கிறாரே, ரெண்டு மாசமா. உங்ககிட்ட சொல்லலையா? நல்லா வந்தப்புறம் கூப்பிடலாம்னு இருந்தாராம். இன்னிக்கு உங்க மூணு பேரையும் வரச் சொன்னாரு. சாயங்காலத்துக்குள்ள பல்லு வேணுமாம், பல்லு இல்லாம எப்படி வாசிப்பாரு?'

அக்காவுக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம் போல, 'சரி சரி' என்றார், பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் ரெக்கார்டர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர், தானும் வருவதாகச் சொன்னார். சத்தம் அதிகமாக இருந்தால் வெளியே நிற்பாராம்.

இரண்டு முன்பற்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், கொஞ்சம் கெட்டியான ரகம். டிசம்பர் வரை தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னாலேயே தேய்ந்துவிட்டால் இன்னும் நல்லது.