கேட்பாரற்றவன் என்று எழுதிய கோமானுக்கு

நலம் பெருகுக. ஏழ்கழி நாடு உடையவரும், சங்கொலி கேட்டுக் கண்விழிப்பவரும், உண்ட சோற்றையும் கொண்ட பகையையும் மறவாதவருமாகிய அல்லியங்கோதை தேவியார் திருமுகம். கருந்துறைக் கோமான் எயினராயர் காண்க. தங்கள் துறையில் மீன் மலிக. தங்கள் வயலில் மழை பொழிக. இவ்வாழ்த்து தங்கள் குடிகளுக்கு. தங்களுக்கு உரியது இனி வருகிறது.

சென்ற ஆடிக் காற்றில் எம் நாட்டுச் சங்குத் தோணி ஒன்று திசைமாறித் தங்கள் கரையில் ஒதுங்கியது. அதில் சங்கு குளிக்கும் கொற்றனும் அவன் மைத்துனன் பொறையனும் இருந்தனர். தங்கள் ஆட்கள் பொறையனைக் கரையில் கட்டிப்போட்டு, கொற்றனைக் காலில் கல்லோடும் இடுப்பில் கயிறில்லாமலும் தங்கள் கடலுக்குள் சங்கெடுக்க இறக்கினர். இறங்கியவன் ஏறவில்லை. தப்பி வந்த பொறையன் சொல்லத் தேவியார் அறிந்து, நியாயம் கேட்டு ஓலை விடுத்தார். கரையொதுங்கியவன் கேட்பாரற்றவன், அவனுக்காக இத்தனை பேச்சு எதற்கு என்று தங்கள் கைப்படவே மறுவோலை வந்தது.

அது அவையில் வாசிக்கப்பட்டபோது கொற்றன் மனைவி நக்கை தூணோரம் நின்றிருந்தாள். அழவில்லை. "கேட்பாரில்லையாமே! அப்போ நான் யாராம் தாயே? எங்கண்ணன் உள்ளங்கையிலே கயித்துத் தழும்பு கிடக்கே, அது சும்மா வந்ததா?" என்றாள். தேவியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எம் கடலில் குளிப்பவன் இடுப்புக் கயிற்றின் நுனியைத் தோணியில் இருந்து பிடிப்பவன் எப்போதும் மைத்துனனே. தங்கையின் தாலிக்கு அஞ்சுகிறவன் கை தளராது என்பது முன்னோர் கண்டது. கேட்பாரற்றவன் எவனும் எம் கடலில் இறங்குவதே இல்லை. எழுத்தாணி பிடிக்கத் தெரிந்த கோமான், அச்சொல்லைக் கீறுமுன் யாரிடமாவது விசாரித்திருக்கலாம்.

பிழைபட எழுதிய சொல்லைத் திருத்த வேண்டுமல்லவா? தேவியார் அதை அடிக்கவில்லை. அது பொருந்தும் ஆளைத் தேடினார். கருந்துறைக்கு ஒன்று நேர்ந்தால் கேட்க வருவீரோ என்று தங்கள் மாமனாராகிய மலைநாட்டரசரை வினவினார். மகள் வீடு வந்து சேரும்வரை பொறுத்தால் போதும் என்று அவர் தெரிவித்தார். திருவிழாவுக்கென்று தங்கள் பட்டத்தரசி புறப்பட்டுப் போனது அதனால்தான். தங்கள் வணிகக் குழுவினரையும் அவ்வாறே வினவினார். அவர்கள் கப்பல்களை எம் துறைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டனர். சாளரத்தைத் திறந்து பார்க்க. தங்கள் துறை வெறிச்சோடிக் கிடக்கும்.

ஆகவே ஆணை. இவ்வோலை விரியும் வேளையில் எம் தோணிகள் தங்கள் துறைவாயை அடைத்து நிற்கும். கொற்றன் இறங்கிய இடத்திலேயே, அவன் காலில் கட்டிய அளவுக் கல்லோடு, தாங்கள் இறங்குவீர். அவனுக்குத் தாங்கள் மறுத்த கயிற்றைத் தேவியார் தங்களுக்கு மறுக்கவில்லை. அதன் நுனியைப் பிடிக்க யாருண்டு என்று பொறையன் கரையைப் பார்த்துக் கூவுவான். கருந்துறையார் எவர் வந்தாலும் எம் வீரர் வழிவிடுவர். ஒருவர் வந்தாலும் ஏறிப் பிழைத்துப்போவீர். எவரும் வாராவிடில், தாங்கள் எழுதிய சொல் அன்று பிழையின்றி நிற்கும். நக்கை கரையில் நின்று பார்ப்பாள்.

இது தேவியார் ஆணை. சங்கு முத்திரை இட்டது. இவ்வோலையைச் சுற்றிக் கட்டியிருப்பது நூலன்று, பொறையன் தப்பி வருகையில் கொண்டுவந்த கொற்றனின் கயிறு. அவிழ்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்க. தேவைப்படும்.