முதல் தட்டு

பாய்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை. போனவரைக் குறை சொல்லக் கூடாது என்று ஒரு மரியாதை. இருக்கிறவரைக் குறை சொன்னால் வேலை போய்விடும் என்று ஒரு பயம். இரண்டும் சேர்ந்து என்னை ஊமையாக்கி வைத்திருந்தன.

இன்று காலை மாஸ்டர் பிரியாணிக்குத் தம் உடைத்தார். அந்த வாசனை சமையலறையைத் தாண்டி ரிசப்ஷன் வரை வந்தது. என் கால்கள் தாமாகவே சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி நடந்தன. கண்ணாடிக் கதவருகே போன பிறகுதான் அதில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு கண்ணில் பட்டது. ஊழியர்கள் உள்ளே அமரக் கூடாதாம். திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது உங்கள் மேல்தான் கோபம் வந்தது.

நீங்கள் இந்த ஓட்டலை நடத்திய காலத்தில் முதல் தட்டு விருந்தாளிக்குப் போனதே இல்லை. மதியக் கூட்டம் வருவதற்கு முன், தம் உடைத்த கையோடு, அறை பெருக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், வாட்ச்மேன், நான், எல்லோரும் கூடத்தில் உட்காருவோம். விருந்தாளிகள் உட்காரும் அதே நாற்காலி, அதே தட்டு. நீங்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாறுவீர்கள். ரம்ஜான் மாதத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று, இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய்த் தொக்கு வைத்துக்கொள் என்று வற்புறுத்துவீர்கள்.

சேர்ந்த புதிதில் எம்.ஏ. படித்த திமிரோடு நான் கேட்டேன், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று.

"இன்னா வாத்தியாரே, பாத்தா இன்னா? இவங்க துன்றதுதான் நமக்கும் வருதுன்னு தைரியமா துன்னுட்டுப் போவான்" என்றீர்கள். அன்றிலிருந்து நான் வாத்தியார்தான். என் பெயரை நீங்கள் சொல்லியே நான் கேட்டதில்லை.

அந்தப் பந்தியில் பரிமளாவின் வாய்க்கு எல்லோரும் பயப்படுவோம். ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து மாடி அறைகளைச் சுத்தம் செய்கிற பெண், தலைமைச் சமையல்காரரைப் பார்த்து, "மாஸ்டரே, வூட்ல சண்டையா? உப்பு கம்மியா கீதே" என்பாள். மாஸ்டர் முறைத்துக்கொண்டே உள்ளே போய்ச் சரிசெய்வார். இன்னொரு நாள் உங்களையே பிடித்தாள். "பாய், இந்த சேரு ஆடுது. வர்றவன் வுழுந்தா எங்களத்தான் திட்டுவான்." நீங்கள் அப்போதே குனிந்து அந்த நாற்காலியைப் புரட்டிப் பார்த்தீர்கள். மின்விசிறியில் தூசி, மேசையில் பிசுபிசுப்பு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாமே விருந்தாளிக்கு முன்பே எங்கள் கண்ணில் பட்டுவிடும். உட்கார்ந்து சாப்பிட்டால்தானே இவையெல்லாம் தெரியும்?

இப்போது எங்களுக்குச் சாப்பாடு பின்பக்கம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். விருந்தாளிகள் எல்லோரும் எழுந்து போன பிறகு. கவிழ்த்துப் போட்ட தண்ணீர் கேன்மேல் உட்கார்ந்து, டீசல் நாற்றத்தோடு, பிரியாணித் தேக்சாவின் அடியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறோம். ரிசப்ஷனில் என் தலைக்கு மேலே உங்கள் படத்தை மாட்டி, அதன் கீழே பொன்னிற எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார் உங்கள் மகன், எங்கள் சின்னவர்: 'எங்கள் முதல் விருந்தினர் எங்கள் ஊழியர்களே.' வருகிறவர்கள் அதை போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். மேசை ஆடுகிறது என்று புகாரும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் மகன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். உங்கள் அறையில் அவர் இன்றுவரை உங்கள் நாற்காலியில் உட்காரவில்லை. உங்கள் பெயருக்கு வரும் தபாலை வேறு யாரையும் பிரிக்க விடுவதில்லை. வெளிநாட்டில் ஓட்டல் நிர்வாகம் படித்தவர். மனிதர்களை மையமாக வைத்துத் தொழில் நடத்துவது எப்படி என்று மணிக்கணக்கில் பேசுவார். அப்பா அப்படித்தான் நடத்தினார் என்றும் சொல்வார். ஆனால் நீங்கள் பரிமாறியபோது அவர் இங்கே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் உங்கள் பெயரைத்தான்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்து எங்களுக்குப் பயிற்சி வைத்தார். இடம் அதே கூடம். நாற்காலிகளையெல்லாம் அடுக்கி ஓரம் கட்டிவிட்டு எங்களைச் சுவரோரமாக நிற்க வைத்தார்கள். ஆளுக்கொரு பலூன் வேறு. வந்தவர் சிரித்த முகமாக, இந்த ஓட்டலை உங்கள் வீடு மாதிரி ஆக்க என்ன செய்ய வேண்டும், மனதில் இருப்பதை பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். பரிமளா பலூனைக் கீழே விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"சார், முன்னெல்லாம் இங்கதான் ஒக்காந்து சாப்புடுவோம். அத திருப்பிக் குடுத்துடுங்க. பலூன்லாம் வேணா."

மாஸ்டர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். வந்தவர்கூட, அது நல்ல யோசனைதானே என்பதுபோலச் சின்னவரைப் பார்த்தார். சின்னவரின் முகம் சிவந்துவிட்டது.

அன்று மாலை என்னை அழைத்து, "அந்தம்மாவ மாசக் கடைசியோட நிறுத்திடுங்க சார். ஆட்டிட்யூட் சரியில்ல" என்றார். கேட்டதற்குத்தானே பதில் சொன்னாள் என்றேன். "நீங்க இன்னும் அப்பா காலத்துலயே இருக்கீங்க" என்றார். பரிமளாவின் கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை நின்று வெகுநாளாகிறது. மகள் நர்சிங் படிக்கிறாள். அவளிடம் இதை நான்தான் சொல்ல வேண்டுமாம். இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் நாற்காலி எனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே என்னை வைத்திருந்தீர்கள். கொடுக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நீங்கள் படுக்கையில் இருந்தபோது கேட்டேன், இந்தப் பந்தி விஷயத்தைச் சின்னவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்று. "சோறு போடறத சொல்லிக் குடுக்கணுமா வாத்தியாரே? அவனே தெரிஞ்சிக்குவான்" என்றீர்கள். தெரிந்துகொள்ளவில்லை பாய். நல்லவராக இருப்பது உங்களுக்குச் சுலபமாக வந்தது. அதனால் மற்றவர்களுக்கும் அப்படியே வரும் என்று நினைத்துவிட்டீர்கள். சொல்லாமல் விட்டது உங்களோடு கபரஸ்தானுக்குப் போய்விட்டது. பரிமளா இங்கே நிற்கிறாள்.

இவ்வளவு கசப்புக்கு நடுவிலும் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் போகவில்லை. எந்த ஓட்டலுக்குப் போனாலும், பரிமாறுகிறவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் சாப்பிட்டிருப்பதில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கே, ஓட்டல் விலாசத்துக்கு அனுப்பப்போகிறேன். பிரிக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும். கீழே என் பெயரைப் போட்டால், மேனேஜர் பதவி கிடைக்காதவனின் புலம்பல் என்று படிக்காமலேயே மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். என்னை வாத்தியார் என்று அழைத்தது நீங்கள் மட்டும் இல்லை, மொத்த ஓட்டலும்தான் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அதனால் கையெழுத்துப் போடாமல் ஆம்பூர் தபால் நிலையத்தில் சேர்க்கிறேன். படித்து முடிக்கும்போது எழுதியது யார் என்று ஊகித்துவிடுவார். ஆனால் எழுதியதெல்லாம் உண்மையா என்று தெரிய வேண்டுமென்றால் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து எங்களைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் ஜெனரேட்டர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அங்கே அவருக்கும் ஒரு தண்ணீர் கேன் கவிழ்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.