குட்டையனின் ஈயமுத்திரை

பா, ஃபிஜி
14 ஜனவரி 2006

அன்புத் தம்பி அப்பெனிசாவுக்கு,

பேபே புயல் வந்த வருஷம் அது. நாட்டின் கொடி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உங்கள் கிராமத்துத் தேவாலயக் கூரை ஆற்றைத் தாண்டிப் பறந்து வந்து என் கரும்புக்குள் விழுந்தது. என் மகன் தேவ்நாத்துக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை. அந்த வருஷம்தான் நம் டிராக்டர் குட்டையன் வெடித்தான்.

எடுத்த எடுப்பில் இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மருமகள் பிரமிளாவும் அதட்டினாள்: "மாமா, மொதல்ல சௌக்கியமான்னு கேளுங்க." சரி, சௌக்கியமா? மகள் லித்தியா சௌக்கியமா? முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கும் எல்லாம் சௌக்கியம். போனில் உன் குரல் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. கடிதமே நல்லது.

ஆக்லாந்தை விட்டு மே மாதம் ஊரோடு வந்துவிடப் போகிறேன், ஆற்றோரத்தில் மரவள்ளி போடக் குட்டையனை நானே ஓட்ட வேண்டும், சாவி தருவீர்களா என்று கேட்டிருக்கிறாய். அவனில் பாதி உன்னுடையது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை காலம் கேட்காததை இப்போது கேட்கிறேன். அன்றைக்குத் திருகை எவ்வளவு திருகினாய்?

முடுக்கை எவ்வளவு இழுத்தாலும் என்ஜினை ஒரு வேகத்துக்கு மேல் விடாத அந்தக் கவர்னர் திருகு. விற்றவர்கள் அதில் கம்பி கட்டி ஈயமுத்திரை குத்தித் தந்தார்கள். வண்டி உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு மாறும்போதெல்லாம் இரண்டு பேரும் குனிந்து அந்த முத்திரையைப் பார்ப்போம், பிறகு ஆளுக்கொரு கொட்டாங்குச்சி யங்கோனா வேர்ச்சாறு குடிப்போம். அது உன் முறை வந்த வாரம். புயல் சாய்த்த கரும்பை அழுகுமுன் மில்லுக்கு ஏற்றுகிற அவசரம். நான் ஓடி வந்தபோது வண்டி சரிவின் அடியில், மில்லுக்குக் கரும்பு போகும் டிராம் பாதை ஓரத்தில் நின்றது. என்ஜினின் விலாவில் ஓட்டை. முத்திரையைக் காணோம். நீ பக்கத்தில் நின்றாய். "டேய், திருகிட்டியா?" என்றேன். நீ வாயே திறக்கவில்லை.

பதில் எழுது. சாவியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அண்ணன் ஜக்ரூப்
(கட்டைவிரல் ரேகை. மாமா மையைச் சட்டையிலும் வைத்துக்கொண்டார். பிரமிளா)


ஆக்லாந்து
2 பிப்ரவரி 2006

அன்பான ஜக்ரூப் அண்ணனுக்கும், மையைத் துவைக்கப் போகும் பிரமிளாவுக்கும்,

புலா, வணக்கம். இங்கே வெயில் காலம் என்கிறார்கள். நான் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். லித்தியா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். புல் வெட்டும் இயந்திரத்தை என்னிடம் கொடுத்திருக்கிறாள். அதற்கு ஒரு சாவிகூடக் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

அண்ணே, குட்டையன் வெடித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் மன்னிப்புக் கேட்கத் திமிங்கலப் பல்லையும் யங்கோனாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் பல்லைத் தொட்டு வாங்கினீர்கள். கை தட்டிக் குடித்தீர்கள். எங்கள் வழக்கத்தில் அதோடு தீர்ந்தது. தீர்ந்ததை மறுபடி வாயால் எடுக்கக் கூடாது. இவ்வளவு காலம் எங்களோடு இருக்கிற உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் நீங்கள் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டீர்கள். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை என்று ராம்கலி அண்ணி சொல்லிச் சிரிப்பார். ஒரு வருஷம்கூட என் நிலத்தை உழாமல் விட்டதில்லை நீங்கள். முதலில் என் நிலம், பிறகுதான் உங்களுடையது. நான் பின்னாலேயே நடந்தேன், என் மண்ணில் விருந்தாளி மாதிரி. அதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுபடியும் கேட்க மாட்டேன். சாவி இல்லையென்றால் ஊருக்கு வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? லித்தியா இங்கேயே இரு என்கிறாள். இருந்துவிடுகிறேன்.

உங்கள் தம்பி
அப்பெனிசா


பா
26 பிப்ரவரி 2006

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரமிளா படித்தாள். கடைசி வரியைத் திரும்பப் படி என்றேன். படித்தாள். பிறகு நான் சாப்பிடவில்லை. டின்மீன் குழம்பை நாய்க்குப் போட்டுவிட்டாள், கோபத்தில்.

உன்மேல் கோபமாகத்தான் மெக்கானிக் இர்ஃபானை வரச் சொன்னேன். கவர்னர் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நீ வந்து ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். அவன் கையில் வேகம் அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து மெக்கானிக் ஹர்பால் சிங் காதை வைத்துத்தானே அளப்பார், அதுவும் செவிட்டுக் காது!

முடுக்கை முழுக்க இழுத்துவிட்டு இர்ஃபான் கருவியைப் பார்த்தான். "ரெண்டாயிரத்து எழுநூறு, தாத்தா. சுமை இல்லாம இதுதான் கணக்கு. தகட்டுல அடிச்சிருக்கிறதும் அதேதான்."

"அப்ப திருகினதை ஹர்பால் சிங் திருப்பி வச்சிருப்பாரு," என்றேன்.

குனிந்து துடைத்துப் பார்த்தான். "யாரு திருகினது? நட்டு மேல கம்பெனி பூசின செவப்பு பெயிண்ட் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. திருகினா அது விரிசல் விட்டுடும். என்ஜின மாத்தினப்போ கவர்னர் இருக்கிற பழைய பம்ப்பை அப்படியே தூக்கி வச்சிருக்காங்க, கம்பி மட்டும் புதுசு. இத எவனும் தொட்டதில்ல."

"தொடாமலே வெடிக்குமாடா?"

"எங்க வெடிச்சது?"

"சரிவுக்கு அடியில."

"கரும்பு ஏத்தியிருந்ததா?"

"மலையாட்டம்."

அவன் சிரித்தான். "சின்ன கியர்ல போட்டு, கிளட்சை மிதிச்சுக்கிட்டே உருட்டி விட்டிருக்காங்க. கீழ வந்ததும் பயந்து காலை எடுத்திருக்காங்க. அவ்வளவு கரும்பும் சக்கரத்தைத் தள்ள, சக்கரம் என்ஜினைச் சுத்தியிருக்கு. கவர்னர் டீசலைத்தான் குறைக்கும், தாத்தா. பின்னால தள்ளுற கரும்பை அது எப்படிக் குறைக்கும்?"

நான் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் அந்த முத்திரையைச் சாமி மாதிரி கும்பிட்டோமே!

சரி. நீ திருகவில்லை. அப்படி உருட்டவும் மாட்டாய். சரிவில் நீ வண்டியை இறக்கினால் கோழி முந்திக்கொண்டு போகும். அப்படியானால் ஓட்டினது யார்? ஈயம் எங்கே போயிற்று? செய்யாதவன் எதற்குடா பல்லை எடுத்துக்கொண்டு என் பாயில் வந்து உட்கார்ந்தாய்?

அண்ணன் ஜக்ரூப்
(அவசரத்தில் ரேகையை இரண்டு தடவை அழுத்திவிட்டார். அதனால்தான் இரண்டாகத் தெரிகிறது. பிரமிளா)


ஆக்லாந்து
19 மார்ச் 2006

அன்பான அண்ணனுக்கு,

கடிதத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் யோசித்தேன். தோண்டியது நீங்கள், நான் இல்லை. ஆகையால் மண்ணை மூடுவதற்காக மட்டும் சொல்கிறேன்.

ஓட்டினது என் தாய்மாமன் விலிகேசா.

நான் மேட்டில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். "நான் எறக்கிட்டு வரேன், மருமகனே. கவர்னர் இருக்குல்ல, அது பாத்துக்கும்," என்று ஏறி உட்கார்ந்தார். இர்ஃபான் சொன்னது கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது. என்ஜின் போட்ட சத்தத்தில் மாமா குதித்து ஆற்றுப் பக்கம் ஓடிவிட்டார். நான் இறங்கி வருவதற்கும் நீங்கள் வருவதற்கும் சரியாக இருந்தது.

ஈயமும் அவர்தான். அதற்கு முந்தின நாளே முத்திரையைப் பிய்த்துத் தூண்டில் கயிற்றில் கட்டியிருக்கிறார். கடைகளெல்லாம் புயலில் போய்விட்டன, தூண்டிலில் எடைக்குக் கட்ட ஈயம் இல்லை. கண்ணுக்கு முன்னால் சும்மா ஒரு ஈயம் தொங்குகிறதே என்று எடுத்தேன் என்றார்.

பல்லைக் கொண்டுபோகிறவன் தன் வீட்டுக்காகக் கொண்டுபோகிறான். யார் செய்தது என்று அவன் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. அம்மாவின் அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அந்தக் கிராமத்தில் இருப்பேன்? யார் ஓட்டினது என்று கேட்காமலே நீங்கள் என்னை நினைத்துக்கொண்டீர்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு உங்களைக் கண்டால் இன்றும் பயம். சந்தையில் உங்களைப் பார்த்தால் மரவள்ளிக் குவியலுக்குப் பின்னால் போய்விடுவார். ஆனால் ஒன்று. சனிக்கிழமை தோறும் உங்கள் சமையலறை வாசலில் மீன் இருக்குமே, இலையில் சுற்றி? நானோ என் வீட்டாரோ வைத்தது என்றுதானே நினைத்தீர்கள்? எனக்கு எந்தக் காலத்தில் அண்ணே மீன் பிடிக்கத் தெரியும்?

அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள். எண்பது வயது.

தம்பி அப்பெனிசா


பா
9 ஏப்ரல் 2006

என் தம்பி அப்பெனிசாவுக்கு,

கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் போனேன்.

தேவ்நாத் காரில் கொண்டுபோய் விட்டான். உன் மாமா மாமரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார், கால் வரவில்லை. கிட்டே போக எனக்கும் கால் வரவில்லை. நடுவில் நின்ற தேவ்நாத், "யாராவது ஒருத்தர் நகருங்க," என்றான்.

யங்கோனா வேரை வைத்தேன். பக்கத்தில் பா கடைத்தெருவில் வாங்கிப்போன ஒரு பொட்டலத்தை வைத்தேன். பிரித்தார். உள்ளே தூண்டில் ஈயம், பெரிதும் சிறிதுமாக. வேர்த்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

பிறகு ஒரு ஈயத்தை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் கனம் ஜாஸ்தி, ஜக்ரூப். அந்தச் சின்ன ஈயம் இருந்ததே, அது மாதிரி வராது. மொத நாளே ஒரு பாரை மாட்டிச்சு, இந்தா, இவ்வளவு நீளம்."

"பொய்யி," என்றேன்.

"சரி, இவ்வளவு," என்று கையைக் கொஞ்சம் குறுக்கினார்.

இரண்டு பேரும் சிரித்ததில் உன் மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் பேரன்தான் வேரை இடித்துக் கரைத்துக் கொடுத்தான். கை தட்டிக் குடித்தோம். நேற்று சனிக்கிழமை, உன் மாமா மீனை வாசலில் வைக்கவில்லை. உள்ளே வந்து பிரமிளா கையில் கொடுத்து, ரோட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார். மீனை எப்படிப் பொரிக்க வேண்டும் என்று அவளுக்கே சொல்லிக்கொடுக்கிறார்.

இர்ஃபான் திருகில் புதுக் கம்பி கட்டி முத்திரை குத்திவிட்டான். வேகம் தகட்டில் சொன்னபடி. நாம் குனிந்து பார்க்க வேண்டியது இனிச் சரிவைத்தான்.

இந்த உறை கனமாக இருக்கிறதே என்று பார்த்தாயா? கொட்டிப் பார். குட்டையனின் சாவி. என் கழுத்துத் தோலில் அதன் அச்சு இருக்கிறது, அது போதும் எனக்கு. வேறு சாவி கிடையாது. நீ அதை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினால்தான் ஊரில் இந்த வருஷம் உழவு. லித்தியாவிடம் அப்படியே சொல்.

உன் அண்ணன்
ஜக்ரூப்
(இந்த முறை ரேகை சுத்தமாக விழுந்திருக்கிறது. பிரமிளா)

பின்குறிப்பு: நீ முதல் சால் ஓட்டுவதைப் பார்க்க அந்த வருஷத்து ஆட்களையெல்லாம் கூப்பிடலாம் என்று எண்ணிப் பார்த்தேன். ஹர்பால் சிங் போய்விட்டார். கரும்பு வெட்டும் கூட்டத்தை மேய்த்த சர்தார் முன்சாமி போய்விட்டார். என் ராம்கலி போய்விட்டாள். உன்னையும் என்னையும் விட்டால் மிச்சம் ஒரே ஒருவர். மட்கார்டில் உட்கார்ந்து வருகிறாராம், ஆனால் சரிவு வந்தால் இறங்கி நடப்பாராம்: உன் தாய்மாமன் விலிகேசா.