ஊறப் போட்ட கூரை

ஐப்பசி 2, திங்கள்.

காற்று வடக்கே திரும்பிவிட்டது. வானத்தில் மேகம் இல்லை. ஆனால் காலையில் துவைத்த வேட்டி மாலை வரை காயவில்லை.

உள் அறைக் கூரையைக் கீழிருந்து பார்த்துக் குறித்தது:
ஓடு உடைந்தது, முப்பத்தொன்று.
பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிவது, பதினேழு இடம்.
சட்டத்தில் செல் அரிப்பு இல்லை.
கோமதியின் கட்டிலுக்கு நேர் மேலே ஐந்து இடுக்கு.

ஓடு எங்கும் கிடைக்கவில்லை. எதிர்க் கடை அண்ணாச்சியிடம் விசாரித்தேன். "ஓடெல்லாம் பட்டாளத்துக்குப் போவுது. சண்டை முடியட்டும், உமக்குன்னு தனியா ஒரு கப்பல் நெறய எறக்கிருவோம்" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பதில் வீட்டு வாசலில்தான் தோன்றியது. அதுவும் சுமாரான பதில்.

மாமனார் ஊரான ஏரலிலிருந்து கடிதம். கோ.வின் தம்பி சங்கரன் 12ஆம் தேதி வியாழக்கிழமை வருகிறான், அக்காளை அழைத்துப் போக.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகையில் இந்த அறை ஒழுகி, ஈரத்தில் அவளுக்கு இழுப்பு கண்டு, மூன்று நாள் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். முன் அறை ஓலை, அது இன்னும் மோசம். அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் அவன் வருவான். தையில் கொண்டுவந்து விடுவான். நான் மறுத்ததில்லை. எப்படி மறுப்பது? ஒழுகுவது என் கூரை.

ஏழு தீபாவளிக்கும் எனக்கு நானே எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 3, செவ்வாய்.

நடக்கப் போனவன் கரையில் நின்றுவிட்டேன். மணலில் ஏற்றிய தோணி ஒன்றுக்குக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் வைத்து, கொட்டாப்புளியால் தட்டி இறுக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசுவது. அறுபத்து மூன்று வயது வரை இதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

எங்கள் உள் அறைப் பலகையும் தோணிப் பலகைதான். தகப்பனார், உடைத்து விற்ற பழைய தோணி ஒன்றின் பலகைகளை வாங்கி வேய்ந்தது.

கேட்கலாமா? பைத்தியம் என்று நினைத்தால்? முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் அவர்களின் மேஸ்திரியே நிமிர்ந்து, "ஐயா தந்தி ஆபீசு ஐயாதான?" என்றார். பெயர் சூசை. "எங்க அண்ணன் கொழும்புல தவறுனப்ப தந்தியக் கொண்டாந்து உங்ககிட்டத்தான் வாசிக்கச் சொன்னேன். நீங்க மொதல்ல என்னைய உக்கார வச்சிய. பெறகுதான் வாசிச்சிய."

எனக்கு நினைவில்லை. அப்படி எத்தனையோ தந்தி.

கூரை விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "வீட்டுக்கு அடிச்சதில்ல. ஆனா பலகை பலகைதான. வியாழக்கிழமை வாரேன்" என்றார்.

திரும்பும்போது வேகமாக நடந்திருக்கிறேன் போல. கோ. "யாராவது வெரட்டுனாங்களா?" என்று கேட்டாள்.

ஐப்பசி 5, வியாழன்.

சூசை மேஸ்திரியும் இரண்டு ஆட்களும். ஏழு மணிக்கு ஓடு இறக்கம். பத்து மணிக்குப் பலகை வெறுமையாகிவிட்டது. மேஸ்திரி மேலிருந்து, "ஐயா, இது வீடில்ல. கமுத்திப் போட்ட தோணி. அந்தா, ஆணி அடிச்ச தொளை கூட கெடக்கு" என்றார். அவர் குரலில் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம்.

நேற்று எழுதி வைத்த பதினான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டேன். திரி எத்தனை புரி? எண்ணெய் என்ன எண்ணெய்? வெயிலில் குங்கிலியம் உருகாதா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பத்தாவது கேள்வியில் ஆட்களில் ஒருவன், "ஐயா அடுத்த வருசம் நம்மளுக்குப் போட்டியா வந்துருவாக" என்றான்.

குங்கிலியம் காய்ச்சியது தெருக்கோடியில். கோ.வுக்குப் புகை ஆகாது. வாசம் மட்டும் வந்தது. "மாதா கோயில் திருநா மாதிரி மணக்கு" என்றாள். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐப்பசி 7, சனி.

வேலை முடிந்தது. கீழிருந்து பார்த்தால் ஒரு புள்ளி வெளிச்சம் கிடையாது. மூன்று முறை போய்ப் பார்த்தேன். நான்காவது முறை கோ. பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை.

இறக்கிய ஓடுகளை இப்போதைக்கு ஏற்ற வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒரு மழை பார்த்துவிட்டு ஏற்றலாமாம்.

சங்கரனுக்குத் தந்தி. நகல்:
"கூரை சரி. வர வேண்டாம்." கடுமை.
"கூரை சரி. அக்காள் இங்கேயே." அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது?
"கூரை சரி எனத் தோன்றுகிறது." இதற்கு ஒரு தந்தியா?
முப்பத்திரண்டு வருஷம் ஊரார் செய்தியெல்லாம் தட்டினேன், விரல் நின்றதில்லை. இன்று மூன்று தாள் கிழித்தேன். அனுப்பவில்லை.

ஐப்பசி 9, திங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மழை. அரை மணி நேரம். ஒன்பது இடத்தில் ஒழுகியது. கட்டிலுக்கு மேல் இரண்டு.

கோ. கட்டிலில் கிடந்த படுக்கையைச் சுருட்டினாள். வெண்கலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "அந்தப் பெட்டிய பரண்லேருந்து எறக்கித் தாங்க" என்றாள். ஏரலுக்குக் கொண்டுபோகும் பெட்டி.

இறக்கிக் கொடுத்தேன். குடை எடுக்காமல் கரைக்குப் போனேன்.

மேஸ்திரியிடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை.

"ஒழுகத்தான செய்யும். புதுசா கலப்பத்து அடிச்ச தோணி தண்ணில எறக்குன அன்னைக்குக் குடிக்காம இருக்குமா? மூணு நாள் கெடந்து பலகை ஊறிப் பெருத்துட்டா, பெறகு ஊசி நொழையாது."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"இதையும் சொல்லணுமாய்யா? தண்ணில கெடக்கப் போறதுக்குத்தான கலப்பத்து அடிக்கோம்."

பதினான்கு கேள்வி கேட்ட எனக்கு இது தோன்றவில்லை. இத்தனை நாள் வெயிலில் காய்ந்த பலகை.

என்ன செய்யலாம் என்றேன். "சாக்கப் பரத்தி நனைச்சுக்கிட்டே இருங்க. காய மட்டும் விட்டுராதிய."

மூன்று நாள். செவ்வாய், புதன், வியாழன். சங்கரன் வியாழன் காலை வருகிறான்.

ஐப்பசி 10, செவ்வாய்.

சுட்டெரிக்கிற வெயில்.

அண்ணாச்சியிடம் போய்ப் பழைய சாக்கு கேட்டேன். எதற்கு என்றார். பொய் சொல்லத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

ஏணியில் ஏறினேன். இந்த வீட்டுக் கூரையில் என் கால் படுவது இதுவே முதல் தடவை. சாக்கைப் பரப்பிவிட்டு நிமிர்ந்தால், தோணிகளின் பாய்மரம் எல்லாம் தெரிகிறது. அதற்கு அப்பால் கடல். இத்தனை வருஷம் இது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

கிணற்றில் இறைத்தது கோ.தான். வேண்டாம் என்றேன். "உப்புத் தண்ணிதான, யாருக்குக் குறையப் போவுது" என்றாள். நான் சொன்னது அதற்காக அல்ல. மதியம் வரை அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கீழே கூட்டம். "ஏலே, வாங்கலே, தந்தி ஐயா கூரைக்குத் தண்ணி காட்டுதாரு." அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கும்படி, "மழைக்குப் பயந்து கூரை மேயுதவன் உண்டு. மழை வரலன்னு தானே பெய்யுத மனுசன இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

நான் மேலிருந்து, "உம்ம சாக்குல புளி வாசம் அண்ணாச்சி. கூரை பூராவும் கொழம்பு கொதிக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரைப் பார்த்து. அவரும் சிரித்தார். எப்படி வாயில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. உயரமாக இருக்கலாம்.

குடம், இருபத்தெட்டு. சொட்டும் இடம் காலையில் ஒன்பது, மாலையில் ஏழு.

ஐப்பசி 11, புதன்.

தோள் வலி. எண்ணெய் தேய்த்துக்கொள்ள நேரமில்லை.

சொட்டும் இடம்: காலை ஐந்து. பகல் மூன்று. மாலை ஒன்று.

அந்த ஒன்று, கட்டிலுக்கு நேர் மேலே.

மேஸ்திரி வேலை முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்தார். பலகையில் கை வைத்து, "குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்றார், மாட்டுக்குச் சொல்வது போல.

கோ.வின் பெட்டி சுவரோரம் மூடி இருக்கிறது. உள்ளே சேலை அடுக்கியாயிற்றா என்று தெரியவில்லை. திறந்து பார்ப்பது முறையல்ல. போவாயா என்று கேட்கலாம். கேட்கவில்லை. கூரை சொல்லட்டும் என்று இருக்கிறேன். கோழைத்தனம்தான்.

குடம், முப்பத்தாறு.

ஐப்பசி 12, வியாழன்.

விடியற்காலையிலிருந்து மூட்டம். அந்த ஒரு இடம் இன்னும் சொட்டுகிறது.

ஒன்பதரைக்குச் சங்கரன். பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்ததால் சட்டையெல்லாம் புகைக் கறுப்பு. அண்ணாந்து பார்த்து, "என்ன அத்தான், கூரைக்குக் காய்ச்சலா? ஈரத்துணி போட்டு வச்சிருக்கிய" என்றான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "அத்தான், நீங்க சும்மா இருங்க. ரெண்டு மணி பஸ்ஸுக்கு நாங்க கெளம்பணும்."

11.10. மழை. திங்கட்கிழமை பெய்தது இதற்கு முன் ஒன்றுமே இல்லை. தெருவில் எதிர்க் கடை தெரியவில்லை.

மூன்று பேரும் உள் அறையில் நின்று மேலே பார்த்தோம். கட்டிலின் மேல் துடைத்து வைத்த கிண்ணம்.

11.25. ஒரு சொட்டு.
11.40. ஒரு சொட்டு. சங்கரன் என்னைப் பார்த்தான். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.
12.05. ஒரு சொட்டு.
12.30. இல்லை.
1.00. இல்லை. சங்கரன் கட்டில்மேல் ஏறி இடுக்கைத் தடவினான். விரலைப் பார்த்தான், வேட்டியில் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லை.
1.20. இல்லை. மழை அப்படியே.

சங்கரன், "சரிக்கா, மழை கொஞ்சம் தணிஞ்சதும் கெளம்புவோம்" என்றான்.

"இன்னைக்கு வியாழக்கிழமை. தெற்க சூலம்" என்றாள் கோ.

"அப்ப நாளைக்கு."

"வெள்ளிக்கிழமை வீட்டுப் பொம்பள வெளிய எறங்குவாளா?"

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை யாராவது பயணம் போவாங்களா."

"ஏக்கா, போன வருசமும் வியாழக்கிழமைதான் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்குச் சூலம் எங்க போச்சு?"

"அன்னைக்குக் கூரை ஒழுகிச்சு."

சாப்பிட்டுவிட்டுச் சங்கரன் நாலரை பஸ்ஸுக்குத் தனியாகப் புறப்பட்டான். என் குடையைக் கொடுத்தேன். வாசலில் நின்று மறுபடி ஒருமுறை கூரையைப் பார்த்தான். "அந்த மேஸ்திரி ஏரலுக்கெல்லாம் வருவாரா அத்தான்?" என்றான்.

5.15. மழை விடவில்லை. கிண்ணத்தில் மூன்று சொட்டுதான். கோ. அதை எடுத்துத் துடைத்து, நல்லெண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றச் சொன்னாள். தூக்கிப் பார்த்தேன், வெறும் பெட்டி. ஏணி கிணற்றடியில் நனைந்து கிடக்கிறது. எடுத்து வர வேண்டும்.