ஒறுத்தல் என்று எண்ணிய நோவு

2025 மார்ச் 3, திங்கள்

நாளை மறுநாள் விபூதிப் புதன். ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் தபசுகாலப் பசான் பாட்டுக்கு ஊரார் என்னைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். பெரிய வெள்ளியன்று தேவமாதாவின் புலம்பலைப் பாடுவது பாட்டை முன்னின்று நடத்தும் அண்ணாவியாராகிய என் கடமை. மார்கழியில், நத்தாருக்கு முன்பே குரல் கம்மிவிட்டது. விழுங்கும்போது நோகிறது. இந்நோவை ஆண்டவருக்கு ஒறுத்தலாக ஒப்புக்கொடுத்து, ஒருவருக்கும் சொல்லாதிருந்தேன். இன்று இருமியபோது வாய்பொத்திய லேஞ்சியில் இரத்தம். தோய்க்க எடுத்த மருமகள் சுசிலா கண்டுவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

பெரியாஸ்பத்திரி. மூக்கின் வழியே குழாய்விட்டுப் பார்த்த பெண் டொக்டர், தொண்டையிலிருந்து சிறு தசையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

"ஏன் ஐயா இவ்வளவு காலமும் பேசாம இருந்தனீங்கள்?"

"ஒறுத்தல் எண்டு நினைச்சன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

திரும்பும் வழியில், பஸ் புளியங்குளத்தில் நின்றபோது, சுசிலா யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "மாமா, ஒறுத்தல் எண்டா இறைச்சியை விடுறது. மூச்சை விடுறதில்லை."

மார்ச் 13, வியாழன்

முழந்தாளிட்டேன். பயமாயிருக்கிறது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழவில்லை.

மார்ச் 20, வியாழன்

புற்று. குரல்வளையை முழுவதும் எடுக்கவேண்டுமாம். கழுத்தில் ஒரு துளை, அதனூடாக மூச்சு. இனிப் பேச்சில்லை, பாட்டில்லை. ஏப்ரல் எட்டில் அறுவை.

பெரிய வெள்ளி பதினெட்டில். சில நாள்தானே? பாடிமுடித்துவிட்டுப் போனால் என்ன? அதையும் காணிக்கையாக்கினால் — தந்த குரலை அவரே பறிப்பாரா? எதுக்கு? நான் என்ன செய்தனான்?

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்ததும், அறுவையைப் பெரிய வெள்ளிக்குப் பின் தள்ளிப்போடும் எண்ணத்தை, கோயில் பராமரிக்கும் சூசைப்பிள்ளையிடம் வெளியிட்டேன். பால்யந்தொட்டு என்னோடு சண்டைபிடிப்பவன்.

"ஏன் காணும், மாதா உம்மட தொண்டையை நம்பியே அழுறா?"

அருகில் மதலேனம்மா நின்றாள். பசானில் எனக்குப் பின்பாட்டுப் பாடுபவள். போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போன மகனை இன்றும் தேடுகிறவள்.

"நான் பாடுறன், அண்ணாவியார். நீங்கள் வெட்டுவிக்கப் போங்கோ," என்றாள், கடைக்குப் போய்ச் சீனி வாங்கிவரச் சொல்வதுபோல.

ஏப்ரல் 7, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு வெண்பாவேனும் செய்து துதிப்போம் என்று தொடங்கினேன். மூன்றாம் அடியில் தளை தட்டியது. திருத்தத் திருத்த மீண்டும் தட்டியது. ஆண்டவரும் ஒலிவத் தோட்டத்தில் நடுங்கினாரே என்று ஆறுதல் தேடினேன். அவருக்கு ஏன் என்று தெரியும். எனக்கு?

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உயிரோடிருக்கிறேன்.

இறுதியாக உச்சரிப்பது ஆண்டவரின் திருநாமமாக இருக்கவேண்டுமென்று எண்ணியிருந்தேன், அறுவைக்குத் தள்ளுகட்டிலில் ஏற்றியபோது வாயில் வந்ததோ, "சுசிலா, செருப்பைக் கவனமா எடுத்து வை."

பின்னேரம் அவள் கோயிலிலிருந்து போன் எடுத்தாள். மகன் றஜித் அதை என் காதருகே பிடித்தான். மதலேனம்மாவின் குரல். இராகம் பிசகியது. மகனின் உடலைத் தாய் மடியில் ஏந்தும் அடி வந்ததும் நின்றுவிட்டாள். பின்பாட்டுக்காரர் எவரும் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார்கள். பிறகு மெட்டேயில்லாமல் தொடர்ந்தாள். அந்த அடியில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

அடுத்த கட்டிலில் புடைவைக்கடை மஹ்றூப் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆர் தம்பி அது? புள்ளையப் பறிகுடுத்த மனுசியா?"

இதற்காகத்தானா ஆண்டவரே, என்று கேட்க வாயெடுத்தேன். கழுத்துத் துளையால் காற்றுத்தான் வந்தது. நல்லது. நோவை ஒறுத்தலென்று, ஆண்டவருடைய நோக்கத்தை ஒருமுறை நானே சொல்லிமுடித்து, அதனால் இந்தக் கட்டிலுக்கு வந்தவன். நோய் முழுதும் போயிற்றா என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை, பயமும் போகவில்லை.

போனை இரண்டு கட்டிலுக்கும் நடுவே வைக்கும்படி றஜித்துக்குக் கைகாட்டினேன்.