சீல் வைத்த அறையில் ஓடும் ஃபேன்

சேசு மரி சூசை

பிளாக் 19, நெய்வேலி
நவம்பர் 2013

அன்பு மகள் டெய்சிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், கொல்லைப் பப்பாளி மரமும் சுகம், நீயும் மருமகன் ஜெபினும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினம் கேட்டுக்கொள்கிறேன். போனில் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி வைத்தேனே, அது பாதி பொய். கோர்ட்டிலிருந்து வந்து நம் வீட்டைச் சோதனை போட்டு உன் அறைக்குச் சீல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பயப்படாதே, யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

நான் அரைத்து விற்கும் குளியல் பொடி டப்பாவில் ஒரு பெண் படம் இருக்குமே, ஒற்றைச் சடையோடு திரும்பிப் பார்ப்பாளே, அது சென்னையில் ஒரு சோப்புக் கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கும் சின்னமாம். எனக்கு என்ன தெரியும்? குள்ளஞ்சாவடியில் அச்சகம் வைத்திருக்கும் கண்ணையன் லேபிளுக்கு மயில், ரோஜாப்பூ, இந்தப் பெண் என்று சில படங்கள் காட்டினார். நீ ஸ்கூலுக்குப் போகும்போது கேட்டருகில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பாயே, அதே கழுத்து, அதே பார்வை, எனக்கு மயில் கண்ணிலேயே படவில்லை. டப்பா கடலூர்க் கடைவரை போய்க் கம்பெனிக்காரர்கள் கையில் மாட்டிவிட்டது. ஹைகோர்ட்டு நியமித்த வக்கீல் ஒருவர், அட்வகேட் கமிஷனராம், கம்பெனி வக்கீலோடும் ஒரு போலீஸ்காரரோடும் நான் தோசை ஊற்றும் நேரத்தில் வாசலில் வந்து நின்றார். முன்கூட்டிச் சொல்லாமல் வருவதுதான் உத்தரவாம், சொன்னால் சரக்கை ஒளித்துவிடுவோமாம். ஒளிக்க இடமிருந்தால் உன் கட்டில்மேல் ஏன் அடுக்கி வைக்கிறேன்! நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, இன்னா சார், எங்களத் திருடங்கன்னு நெனச்சிக்கினு வந்தீங்களா என்று குதித்தார். கமிஷனர் பொறுமையான மனுஷர், நான் பார்த்ததை எழுதிட்டுப் போறேன், தீர்ப்பு கோர்ட்டு சொல்லும் என்றார். இது எங்க பொண்ணுங்க என்று நான் டப்பாவைக் காட்டினேன். அவர் சுவரிலிருந்த உன் கல்யாண போட்டோவையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். சரக்கையெல்லாம் அந்த அறையிலேயே வைத்துப் பூட்டி, அரக்கு உருக்கி முத்திரை போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் கரண்ட் போன கூத்தை எங்கே சொல்வது? உன் அறை ஃபேன் ஸ்விட்ச் போட்டபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் வண்டி தெருமுனை தாண்டியதும் கரண்ட் வந்தது, பூட்டிய கதவுக்குள் உன் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. வேகத்தைக் கூட்டினால் டக் டக்கென்று ஒரு சத்தம் வருமே, அதே சத்தம்.

அன்றிலிருந்து அது ஓடிக்கொண்டே இருக்கிறது டெய்சி. மத்தியானத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதவிடுக்கு வழியாக ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் மணக்கிறது, உள்ளே ஃபேன் சத்தம், நான் ஹாலில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நீ நைட் டூட்டி முடித்து வந்து தூங்குகிறாய் என்றே தோன்றிவிடுகிறது. தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறேன். பக்கத்து வீட்டு தமயந்தி கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தவளை, கொஞ்சம் மெதுவா பேசேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பா மட்டும் கரண்டு வீணாப் போவுது, ஃபியூஸப் புடுங்கிடறேன் என்று கிளம்பினார். நான் மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். இப்போது அவரும் அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

இனி அந்தப் படத்தைப் போடமாட்டேன் என்று நான் எழுதிக்கொடுத்தால் டப்பாக்களை எடுத்துப்போய் அழித்துவிட்டு வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று கம்பெனி வக்கீல் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கும் தமயந்திக்கும் வழக்காடிப் பார்த்துவிட வேண்டும். வழக்காடினால் வருஷக்கணக்கில் அறை மூடியே கிடக்கும் என்று நம் வக்கீல் சொல்கிறார். உண்மையைச் சொல்கிறேன், அது மூடியே கிடந்தால்தான் என்ன என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. ஆனால் தலைப்பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொன்ன நீ, போன வாரம் பார்க்கலாம்மா என்று இழுத்தாயே. பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்தால் எங்கே படுப்பாய்? உள்ளே ஓடும் ஃபேனைக் கேட்டுக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தால் நீ வராதது எனக்கே உறைக்காமல் போய்விடும். அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரும் புதன்கிழமை கமிஷனர் வந்து திறக்கிறார். ஸ்விட்சை மட்டும் யாரும் தொடக்கூடாது, நான்தான் அணைப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புது லேபிளில் படம் கிடையாது, வெறும் எழுத்துதான், சரக்கையும் இனி அந்த அறையில் வைப்பதாக இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு, ஜெபினை வேலை நேரத்தில் போன் போட்டு நச்சரிக்காதே. தேவமாதா உன்னையும் பிள்ளையையும் தன் முந்தானையில் பொத்திக் காக்கட்டும். புதன்கிழமையிலிருந்து அந்த அறையில் சத்தம் இருக்காது, அம்மாவால் அதைத் தாங்க முடியாது டெய்சி. டாக்டரிடம் கேட்டு டிக்கெட் போடு. அந்த ஃபேனை இனி நீ வந்துதான் போட வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் கட்டிலைத் துடைத்து வைக்கப்போகும்
அம்மா மேரிசெல்வி